எழுத்தும் எழுத்துருவும்

எழுத்து என்னும் சொல்லுக்கு இலக்கண நூலார் இருவகை வடிவு கூறினர். செவிக்குப் புலனாவது ஒலிவடிவு; கண்ணுக்குப் புலனாவது வரிவடிவு. முன்னதே முதன்மையானது என்பதும், பின்னது அதனைக் குறிக்க வந்த அடையாளமே என்பதும் அவர்தம் துணிபு. வரிவடிவு காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. தொல்காப்பியர் எகர ஒகரங்களுக்குப் புள்ளி கூறினார். ஓலையில் எழுதியோர் ஏடு சிதையும் என அஞ்சிப் புள்ளியைக் கைவிட்டனர். வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்கு வேற்றுமை செய்தார். 1978 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலியவற்றின் பழைய கூட்டு வடிவங்களை விலக்கியது. இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் லை என்பது லை ஆகவே இருக்கிறது. பழைய வடிவில் அச்சிட்ட நூலைப் படிக்கும் மாணவன் சற்றே தயங்குவானேயன்றி, வேறு மொழி என மயங்கான்.

கணினி வந்தபின் இவ்விரு வடிவுகளுக்கும் இடையே மூன்றாவது ஒன்று புகுந்தது. அதனைக் குறியீட்டு வடிவு எனலாம். கணினி ஒலியையும் அறியாது, வரியையும் அறியாது. எண்ணை மட்டுமே அறியும். ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறையில் அகரத்தின் எண் 2949. ககரத்தின் எண் 2965. ஆசிரியர் விசையை அழுத்தும்போது கோப்பில் பதிவது இவ்வெண்ணே. எண்ணைக் கண்டு அதற்குரிய வரிவடிவைத் திரையிலும் தாளிலும் வரைந்து காட்டும் தொகுதிக்கே எழுத்துரு என்று பெயர். ஆகவே எழுத்துரு என்பது எழுத்தன்று. எழுத்து உடுத்திக்கொள்ளும் ஆடை. இவ்வேறுபாட்டை உணராமையால் விளையும் இடர்கள் சிறியவையல்ல. தமிழ்ப்பள்ளிகளில் அன்றாடம் நிகழும் ஒரு செயலைக் கொண்டே இதனைக் காணலாம்.

ஜொகூர் மாநிலத்தில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல தோட்டத்தின் பெயரையே இன்றும் தாங்கி நிற்பவை. சிகாமட்டிலோ குளுவாங்கிலோ உள்ள ஒரு பள்ளியில் பயிற்சித்தாள் ஒன்று தட்டச்சாகிறது. அது புலனம் என இந்நாட்டு ஆசிரியர் வழங்கும் வாட்ஸ்அப் வழியாகக் கூலாய்க்கும் மூவாருக்கும் போகிறது. ஒருவர் அதனைக் கைப்பேசியில் திறக்கிறார். ஒருவர் பள்ளிக் கணினியில் திறக்கிறார். மற்றொருவர் கூகுள் வகுப்பறையில் ஏற்றுகிறார். ஆறாம் ஆண்டு மாணவர்க்கான யு.பி.எஸ்.ஆர் தேர்வு 2021 இல் நீக்கப்பட்ட பின் வகுப்புசார் மதிப்பீடே பெரிதாயிற்று. ஆசிரியர்கள் தாமே செய்து ஒருவருக்கொருவர் வழங்கும் தாள்களும் பெருகின. அத்தாள் போய்ச் சேரும் இடத்தில் என்னவாகத் தோன்றுகிறது என்பதே வினா. தோன்றாக் குறையின் விலையைத் தருபவன் தாளைத் தட்டியவர் அல்லர். விடை எழுதும் எட்டு வயதுப் பிள்ளை.

பிழை இரு வகைப்படும். ஒருவகையில் தமிழ் முழுதும் மறைந்து ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த குப்பை தோன்றும். மற்றொரு வகையில் தமிழ் தமிழாகவே நிற்கும். பக்க அமைப்பு மட்டும் குலையும். இரண்டையும் ஒன்றாகக் கருதி, எழுத்துரு சரியில்லை என்று பொதுப்படக் கூறுவது பெருவழக்கு. இரண்டும் வேறு நோய், வேறு மருந்து.

முதல் நோயின் வரலாறு இரங்கத்தக்கது, ஆயினும் பெருமைக்குரியது. தொடக்கக் கணினிகள் ஓர் எழுத்துத் தொகுதியில் 256 இடங்களையே தந்தன. அவற்றுட் பாதியை ஆங்கிலம் முன்னரே கைக்கொண்டிருந்தது. அந்தக் குறுகிய மனையில் 247 தமிழெழுத்துகளைக் குடியேற்ற வேண்டியிருந்தது. வேறு வழியின்றி அறிஞர் பலர் தத்தமக்குத் தோன்றியவாறு இடம் பிரித்தனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 இல் முரசு என்னும் செயலியை உருவாக்கினார். அதுவே பின்னர் முரசு அஞ்சல் எனப் பெயர் பெற்றது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவும் மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தின் தொகுப்பாசிரியராகவும் விளங்கிய முரசு நெடுமாறனின் மகன் இவர் என்பது பலரும் அறிந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் என்னும் முறையைக் கண்டார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை அளித்தார். இலங்கைத் தமிழரிடையிலும் அவர் குடியேறிய நாடுகளிலும் பாமினி பரவிற்று. தமிழை இணையத்தில் ஏற்றியவர் இவர்களே. அவர்தம் உழைப்பின்றேல் இன்றைய ஆசிரியர்க்குக் கணித்தமிழ் என ஒன்று இராது.

குறை எங்கே நேர்ந்தது? இம்முறைகளில் எண் ஒன்று, வடிவு வேறொன்று. பாமினியில் தமிழ் என்று தட்டினால் கோப்பில் பதிவன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி எழுத்துரு உள்ள கணினியில் ஜே என்பது தகர வடிவையும் கே என்பது மகர வடிவையும் காட்டும். எழுத்துருவை எடுத்துவிட்டால் ஆடை களைந்த உடம்பு தோன்றும், அவ்வுடம்பு தமிழுடம்பன்று. ஒவ்வொரு முறையும் தனித்தனியே இடம் வகுத்தமையால், ஒன்றில் எழுதியதை மற்றொன்றின் எழுத்துருவால் படிக்கவும் இயலாது. 1997 இல் சிங்கப்பூரிலும் 1999 இல் சென்னையிலும் அறிஞர்கள் கூடி ஆராய்ந்தது இப்பிணக்கைத் தீர்க்கவே. தன்னார்வலர் குழு வகுத்த திஸ்கி ஒருபுறம், சென்னை மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம் என்பன மறுபுறம் எனத் தரங்களே பலவாயின. ஒற்றுமைக்கு வந்தவையே மூன்றாகப் பிரிந்து நின்றன என்றால், தோட்டப்புறப் பள்ளி ஆசிரியர் எதைப் பற்றி நிற்பார்?

தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஒரே எண்வரிசை வகுத்த ஒருங்குறி 1991 இல் வெளிவந்தபோதே தமிழும் அதில் இடம்பெற்றது. 128 இடங்கள் தமிழுக்கென ஒதுக்கப்பட்டன. இந்தியாவின் இஸ்கி முறையை அடியொற்றி அமைந்ததால், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரவில்லை என்று தமிழறிஞர் சிலர் குறை கூறினர். கொ என்பது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டெண். அவ்வெண்களிலிருந்து இருபுறமும் கொம்பும் காலும் நிறுத்திக் காட்டுவது எழுத்துருவின் கடன். இக்குறைபாட்டுரையில் நியாயம் உண்டு. அதன் பயனாகவே அனைத்தெழுத்துக்கும் தனியெண் தரும் டேஸ் 16 என்னும் முறையும் எழுந்தது. 2010 இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. ஆயினும் கணினிகளும் கைப்பேசிகளும் தாமே அறிந்து காட்டுவது ஒருங்குறியை மட்டுமே. பேருந்து ஓடாத அழகிய சாலையினும், ஓடும் கரடுமுரடான சாலையே பயணிக்கு உதவும்.

ஒருங்குறி வந்தும் பள்ளிகள் பழைய எழுத்துருக்களை விடாதது பிடிவாதத்தால் அன்று. விண்டோஸ் 2000 பதிப்பிலேயே லதா என்னும் தமிழ் எழுத்துரு இருந்தது; அடுத்துவந்த எக்ஸ்.பி பதிப்பிலும் இருந்தது. ஆனால் எக்ஸ்.பி கணினியில் கூட்டெழுத்து மொழிகளுக்கான கோப்புகளைத் தனியே நிறுவினால்தான் கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கும். அதற்கு விண்டோஸ் குறுந்தட்டு வேண்டும். குறுந்தட்டு பல பள்ளிகளில் இராது. பழைய எழுத்துருவோ ஒரு கோப்பைப் படியெடுத்து ஒட்டியவுடன் வேலை செய்தது. அன்று அதுவே அறிவுடைய தெரிவு. இன்று அத்தடை எதுவும் இல்லை. இன்றும் பழைய முறையில் புதிய தாள் தட்டுவோர் இருப்பின், அவர் பழக்கத்தைக் காக்கிறாரேயன்றித் தமிழைக் காக்கவில்லை.

இனி இரண்டாவது நோய். இதுவே இன்று பெரும்பாலான பள்ளிகளில் காண்பது. இதைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

வேர்டு செயலியின் அடிப்படை எழுத்துத் திட்டத்தில் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் நேராக ஓர் எழுத்துருப் பெயர் எழுதப்பட்டுள்ளது. தமிழுக்கு நேராக உள்ள பெயர் லதா. ஆகவே ஆசிரியர் எதையும் தேர்ந்தெடாமல் தட்டினாலும் தாள் பெரும்பாலும் லதாவில் அமையும். ஆனால் 2015 இல் வந்த விண்டோஸ் 10 முதல், லதாவும் அதற்குப் பின் விண்டோஸ் 7 இல் சேர்ந்த விஜயாவும் அடிப்படைத் தொகுதியிலிருந்து நீக்கப்பட்டு, தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்னும் தனித் தொகுதிக்கு மாற்றப்பட்டன. கணினியில் தமிழை ஒரு மொழியாகச் சேர்த்தால்தான் அத்தொகுதி வந்து சேரும். எல்லாக் கணினிகளிலும் இயல்பாக இருப்பது விண்டோஸ் 8 இல் அறிமுகமான நிர்மலா மட்டுமே.

விளைவைக் காண்க. தமிழாசிரியர் தம் கணினியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்திருப்பார். ஆதலால் அவரிடம் லதா உண்டு. பள்ளி அலுவலகக் கணினியில் மலாயும் ஆங்கிலமுமே இருக்கும். ஆதலால் அங்கு லதா இல்லை. தமிழறிந்தவர் கணினியில் நேராக நிற்கும் தாள், தமிழறியாதவர் கணினியிற் சரிகிறது. அச்சிடும் பொறியோ பெரும்பாலும் அலுவலகக் கணினியோடுதான் இணைந்திருக்கிறது. லதா இல்லாத இடத்தில் நிர்மலா தானே வந்து நிற்கும். எழுத்து கெடாது. ஆனால் இரண்டின் அகலமும் உயரமும் ஒன்றல்ல. லதா வரிகளுக்கிடையே இடம் மிகுதியாகக் கொள்வது, நிர்மலா அவ்வாறன்று. நான்கு பக்கத் தாள் மூன்றரைப் பக்கமாகச் சுருங்கும். ஐந்தாம் கேள்வியின் படம் நான்காம் கேள்வியின் கீழ்ப் போய் ஒட்டும். கருத்துணர்தல் பகுதியின் கடைசி வரி மறுபக்கத்தில் தனித்து நிற்கும். தட்டியவர் தம் திரையில் சரியாகவே கண்டார் என்பதால், குற்றம் அச்சிட்டவர் மேல் விழுவது வழக்கம்.

இவ்விரு நோய்களையும் அருகருகே வைத்து நோக்கினால் உண்மை விளங்கும். பாமினி இல்லாதபோது தமிழே போயிற்று. லதா இல்லாதபோது அமைப்பு மட்டும் போயிற்று. முன்னது உயிர்ச்சேதம், பின்னது பொருட்சேதம். ஒரு கோப்பின் தகுதியை அளக்கும் முதற்கோல் இதுவே ஆதல் வேண்டும்: தன் எழுத்துரு இல்லாத வீட்டிலும் அது தமிழாக நிற்குமா? நிற்குமாயின் எந்த எழுத்துரு என்பது இரண்டாவது வினா. நிலையான எழுத்துரு ஒன்றைத் தேடுவோர் பெரும்பாலும் இரண்டாம் வினாவிலேயே தொடங்கி, அழகைப் பற்றி வாதிடுகின்றனர்.

அழகைப் பற்றியும் ஓரளவு கூறுதல் தகும். லதாவின் கோடுகள் ஒரே தடிப்பின; எழுத்துகள் அகன்றவை; திரையில் தெளிவு உண்டு, தாளில் சற்று வெறுமை. விஜயா பழைய அச்சு நூல்களின் சாயலை உடையது; கோடு தடித்தும் மெலிந்தும் வரும். ஆனால் அதே அளவு எண் கொடுத்தும் பிறவற்றினும் மிகச் சிறியதாய்த் தோன்றும்; பன்னிரண்டு என்று குறித்தால் ஒன்பதைப் போல நிற்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது ஆகாது. நிர்மலா திரையில் கட்டளைப் பட்டியல்களைக் காட்டுவதற்கென அமைந்தது. இந்திய மொழிகள் பலவற்றிற்கும் சிங்களத்திற்கும் ஒருசேர வடித்தது. அடக்கமான உரு, குறை சொல்ல ஏதுமில்லை, வியக்கவும் ஏதுமில்லை. பள்ளித் தாளுக்கு அவ்வடக்கமே தகுதி. முத்து நெடுமாறன் வடித்த இணைமதி, தமிழ் சங்கம் முதலியன ஆப்பிள் கணினிகளிலும் ஐபோன்களிலும் இடம்பெற்றுள்ளன. மலேசியத் தமிழர் ஒருவர் கையால் அமைந்த எழுத்து உலகெங்கும் உள்ள ஆப்பிள் கருவிகளில் தமிழாகத் தோன்றுகிறது என்பது இந்நாட்டுத் தமிழாசிரியர் மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி. பாடநூல் ஒரு பக்கம் ஒதுக்கினாலும் தகும். எனினும் அவை விண்டோஸ் கணினிகளில் இல்லை. நிர்மலா ஆப்பிளில் இல்லை. உறவினர் இருவரும் நல்லவர். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவதில்லை.

இந்நிலையில் மூன்றாவது ஒன்றை நாடவேண்டியிருக்கிறது. கூகுள் நிறுவனம் உலக மொழிகள் அனைத்துக்குமாக வெளியிட்டுவரும் நோட்டோ வரிசையில் தமிழுக்கு இரண்டு உள்ளன. ஒரே தடிப்புக் கோடுடைய நோட்டோ சான்ஸ் தமிழ் ஒன்று. தடித்தும் மெலிந்தும் வரும் நோட்டோ செரிப் தமிழ் மற்றொன்று. எழுத்துரு இல்லாதபோது திரையில் தோன்றும் வெற்றுக் கட்டங்களைச் சீனக்கடைச் சோயாக் கட்டிக்கு ஒப்பிட்டுத் தோஃபு என்பது கணினித் துறையார் நகைச்சுவை. அத்தோஃபு இனி வேண்டாம் என்னும் கருத்தில் வைத்த பெயர் நோட்டோ. பெயர் ஒருபுறம் இருக்க, அதன் உரிமமே இங்குக் கருதத்தக்கது. அதனை எவரும் விலையின்றிப் பெறலாம், எத்தனை கணினிகளிலும் நிறுவலாம், பிறர்க்கும் வழங்கலாம். லதாவை அவ்வாறு வழங்க இயலாது. அது விண்டோஸின் பகுதி. அதன் கோப்பைப் படியெடுத்துப் புலனத்தில் அனுப்புவது உரிமத்துக்கு மாறு. அறியாது செய்வோர் பலர்.

வேறொரு காரணமும் உண்டு. மலேசியக் கல்வி அமைச்சு 2020 இல் டெலிமா என்னும் தளத்தைத் தொடங்கிக் கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் மூன்றின் கருவிகளையும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரே வாயிலில் திறந்துவிட்டது. இதனால் பயன் பெரிது. ஆனால் ஒரே தாள் காலையில் வேர்டிலும், மாலையில் கூகுள் ஆவணத்திலும், இரவில் ஐபேடிலும் திறக்கப்படும் நிலையையும் இதுவே உண்டாக்கிற்று. கூகுள் ஆவணத்தில் எழுத்துருப் பட்டியலைத் தமிழென வடிகட்டினால் நோட்டோ வரிசை கிடைக்கும், லதா கிடைக்காது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் நோட்டோவே தமிழுக்கு உரிய உரு. விண்டோஸ் கணினியில் ஒருமுறை நிறுவினால் போதும். ஆகவே பல பள்ளிகள் கூடிப் பொதுவாக ஓர் எழுத்துருவை ஏற்க எண்ணின், இன்றைய நிலையில் நோட்டோ சான்ஸ் தமிழே தகுதியுடையது. நிறுவும் உரிமை ஆசிரியர்க்குத் தரப்படாத பள்ளிக் கணினிகளும் உண்டு; அங்கு நிர்மலாவே போதும். லதாவைத் தொடர்வதற்கு அது முன்பிருந்தே வழங்குவது என்பதன்றி வேறு காரணம் காண்பதரிது.

இவ்விடத்தில் இரண்டு தடைகள் எழுப்பப்படுவதுண்டு. இத்தொல்லை எதற்கு, பி.டி.எப் கோப்பாக மாற்றி அனுப்பினால் தீர்ந்தது என்பர் ஒரு சாரார். அச்சிட்டு வழங்குவதற்கு மட்டுமாயின் அது சரியே, பி.டி.எப் தன் எழுத்துருவைத் தன்னுள்ளே சுமந்து செல்லும். ஆனால் பள்ளித் தாள் அச்சோடு முடிவதில்லை. ஒருவர் செய்த தாளில் மற்றொருவர் இரண்டு கேள்விகளை மாற்றுவார்; எளிய மாணவர்க்கு எழுத்தைப் பெரிதாக்குவார். பி.டி.எப்பிலிருந்து தமிழைப் படியெடுத்தால் கொம்பு ஓரிடத்தும் எழுத்து ஓரிடத்துமாகச் சிதறி வருவதை அறியாதவர் இலர். பாமினியில் செய்த பி.டி.எப் ஆயின், கண்ணுக்குத் தமிழ், படியெடுத்தால் ஜே கே பி ஓ. ஆகவே பி.டி.எப்பும் மூலக் கோப்பும் இரண்டும் அனுப்புவதே முறை. தாளை நிழற்படமாக அனுப்புவது குறித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பொதிந்து அனுப்பலாமே என்பர் மற்றொரு சாரார். வேர்டில் அதற்கு வழி உண்டு. சேமிப்புப் பகுதியில் ஒரு கட்டத்தைத் தட்டினால் போதும். கோப்பு பெருக்கும். அதனைப் பெறுபவர் வேர்டிலேயே திறந்தால் பயன் உண்டு. வேறு செயலியில் திறந்தால் பொதிந்ததற்கு உறுதியில்லை. விழா மலர் போன்ற அழகு வேண்டும் பணிகளுக்கு இது ஏற்கும். அன்றாடத் தாளுக்கு மிகை.

எந்த எழுத்துருவைக் கொண்டாலும் மாற்றம் நேருமிடத்துத் தாள் சிதையாதவாறு கட்டுவது ஆசிரியர் கையில் உள்ளது. புதிய பக்கம் வேண்டுமிடத்து நுழைவு விசையைப் பலமுறை தட்டிக் கீழே தள்ளுவோர் பலர். அதுவே சரிவுக்கு முதற்காரணம். பக்கமுறிவு என்னும் கட்டளையை இட்டால் எழுத்துரு மாறினும் பக்கம் மாறாது. இடைவெளி விசையால் விடைகளை வரிசைப்படுத்துவதினும் கட்டம் போட்டு வரிசைப்படுத்துதல் நன்று. வரிகளுக்கிடையே உயரத்தை இத்துணைப் புள்ளி எனத் துல்லியமாகக் கட்டிவிட்டால், வேறு எழுத்துரு வரும்போது கீ, கூ, ழு போன்றவற்றின் மேல்சுழியும் கீழ்வாலும் வெட்டுண்ணும். ஆங்கிலத்துக்கு இத்தொல்லை குறைவு, தமிழுக்கு மிகுதி. மற்றொன்று. வேர்டில் உரோமன் எழுத்துக்கு ஓர் எழுத்துருவும் அளவும், தமிழுக்கு வேறோர் எழுத்துருவும் அளவும் தனித்தனியே உள்ளன. மலாய் முகப்பும் தமிழ் உடலும் உடைய பள்ளிக் கடிதத்தில் ஒன்றை மாற்றியும் மற்றொன்று மாறாமல் நிற்பதன் காரணம் இதுவே. கணினி பழுது என்று எண்ணற்க.

எழுத்துருவைத் தேர்வோர் கற்பித்தல் நோக்கில் காணவேண்டிய சில நுட்பங்களும் உள. ரகரமும் ஆகாரக் காலும் சில எழுத்துருக்களில் வேறுபாடின்றித் தோன்றும். கண்ணுக்கு ஒன்றாயினும் கோப்பில் எண் வேறு. காலுக்குப் பதில் ரகரம் தட்டிய சொல்லைத் திரையில் எவரும் கண்டுபிடியார். தேடும்போதோ ஒலிக்கச் செய்யும்போதோ பிழை வெளிப்படும். ஔவை என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டும் வழக்கம் ஆசிரியரிடையிலும் பரவியுள்ளது. அப்படித் தட்டினால் கணினிக்கு அது ஔகாரம் அன்று. ரகரத்தின் அடியில் சாய்கால் தெளிவாக விழும் எழுத்துருவே தொடக்க வகுப்புக்கு ஏற்றது. எழுதப் பழகும் பிள்ளையும் அதனால் பயன்பெறும்.

ஸ்ரீ என்னும் எழுத்து இந்நாட்டில் தனித் தொல்லை தருவது. டத்தோஸ்ரீ, டான்ஸ்ரீ என்னும் சிறப்புப் பெயர்கள் இன்றி அழைப்பிதழ் அமையாது. ஸகரத்தை முதலாகக் கொண்டு தட்டுவது ஒரு வகை. 2005 இல் ஒருங்குறியிற் சேர்ந்த வேறொரு சகர எழுத்தை முதலாகக் கொள்வது மற்றொரு வகை. புதிய எழுத்துருக்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே வடிவாகக் காட்டும். பழைய எழுத்துருவில் பின்னது கட்டமாகவோ பிரிந்த துண்டுகளாகவோ நிற்கும். சிறப்பு விருந்தினர் பெயரில் கட்டம் விழுந்த அழைப்பிதழ் ஆயிரம்படி அச்சான பிறகு வருந்திப் பயனில்லை. அச்சகத்தின் கணினியில் ஒருமுறை கண்டுவிடுதல் நலம்.

புதியன இவ்வாறாக, பழையவற்றின் நிலை மேலும் கவலைக்குரியது. 1990களிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் தமிழ்ப்பள்ளிகள் பல ஆண்டு மலரும் விழா மலரும் வெளியிட்டன. தோட்டத்தின் தோற்றம், முதல் ஆசிரியர், கோயில் கட்டியோர், பள்ளிக்கு நிலம் பெற்ற கதை ஆகியன அவற்றில் உள்ளன. பிறகு ஜொகூரில் ரப்பர் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின, பள்ளிகள் சில பெயரோடு இடம்பெயர்ந்தன, குடியிருந்தோர் சிதறினர். அத்தோட்டங்களைப் பற்றி வேறெங்கும் எழுதப்படாத செய்தி அம்மலர்களில்தான் இருக்கும். அச்சுப் படிகள் கறையானுக்கும் வெள்ளத்துக்கும் போனபின் எஞ்சியவை பழைய தட்டுகளில் உள்ள கோப்புகளே. அவையோ பழைய எழுத்துருக்களில் உள்ளன. எழுத்துரு மறைந்தால் அவை ஆங்கில எழுத்துக் குவியல். தேடினால் தோட்டத்தின் பெயர்கூட அகப்படாது.

மீட்க வழியுண்டு. முரசு அஞ்சலிலும், சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக அளித்த என்.எச்.எம் மாற்றியிலும், அவை போன்ற பிறவற்றிலும் பழைய குறியீட்டை ஒருங்குறியாக மாற்றலாம். ஆயின் மலேசியக் கோப்புகளில் ஓர் இடுக்கண் உண்டு. அவற்றில் தமிழோடு மலாய்ச் சொற்கள் கலந்திருக்கும். பள்ளியின் மலாய்ப் பெயரும் ஊர்ப்பெயரும் உரோமன் எழுத்திலேயே நிற்கும். மாற்றும் கருவிக்கு எது மலாய், எது தமிழின் ஆடை களைந்த உடம்பு என்று தெரியாது. இரண்டும் அதற்கு ஆங்கில எழுத்தே. முழுக் கோப்பையும் ஒரே வீச்சில் மாற்றினால் தமிழ் தமிழாகும். மலாயும் பொருளற்ற தமிழாகிவிடும். ஆகவே மலாய்ப் பகுதிகளை முதலில் வேறாக எடுத்து வைத்து, தமிழ்ப் பத்திகளை மட்டும் மாற்றி, பின்னர் அச்சுப் படி ஒன்று கிடைத்தால் அதனோடு ஒப்புநோக்குதல் வேண்டும். எந்த எழுத்துருவில் கோப்பு உள்ளது என்பதை மாற்றுவதற்கு முன்னரே குறித்துக்கொள்வதும் இன்றியமையாதது. வேர்டில் திறந்து பத்தியின் மேல் சுட்டியை வைத்தால், அவ்வெழுத்துரு கணினியில் இல்லாவிடினும் அதன் பெயர் மேலே தோன்றும். பெயர் தெரிந்தால் முறை தெரியும். ஆண்டு மலர் ஒன்றுக்கு இது இரண்டு மூன்று நாள் வேலை; பள்ளி விடுமுறையில் ஓர் ஆசிரியரும் கணினி அறிந்த முன்னாள் மாணவர் ஒருவரும் அமர்ந்தால் முடியும். மூலக் கோப்பை மட்டும் அழிக்காமல் அப்படியே தனியே வைத்திருத்தல் வேண்டும்.